4,096 பைட் தொட்டி

2021 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது, வந்து ஒரு பார்வை பார் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மலை ஏறும் முன் அடிவாரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்திவிட்டு போனை எடுத்தேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நெட்வொர்க் வழியாக டிஸ்க்கோடு பேசும் ஐஸ்கஸி பகுதியில், மூன்று பாதுகாப்பு ஓட்டைகள் என்று ஒரு செய்தி. வெள்ளிக்கிழமையே வந்திருக்கிறது, என் கண்ணில் படவில்லை. கிரிம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. மூன்றில் பெரியது ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது தரவு வைக்க ஒதுக்கிய இடம் (பஃபர்) நிரம்பி வழிவது. ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-27365 என்று எண். 2006-இலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது.

2006-இல்தான் நான் முதன்முதலாக ஒரு லினக்ஸ் சிடியைக் கையில் வாங்கினேன். அப்படியானால் நான் இந்தத் தொழிலில் இருந்த காலம் முழுக்க அந்த ஓட்டையும் கூடவே இருந்திருக்கிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். மேலே ஏறும் 20 கொண்டை ஊசி வளைவிலும் அதே நினைப்புதான்.

காரணம் உண்டு. சேலத்தில் நாலைந்து சிறிய இடங்களுக்கு சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒன்று ஒரு ஸ்கேன் சென்டர். சிடி, எம்ஆர்ஐ படங்கள் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும், சர்வருக்குள் இருந்த டிஸ்க் போதவில்லை. பக்கத்து அறையில் டிஸ்க்குகள் நிறைந்த ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைத்து, இரண்டையும் நெட்வொர்க் கேபிளால் இணைத்து, நான்தான் ஐஸ்கஸி அமைத்துக் கொடுத்தேன்.

ஐஸ்கஸி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்கஸி என்பது கணினி டிஸ்க்கோடு பேசும் பாஷை. 1986-இலேயே தரநிலை ஆனது. அந்தக் காலத்தில் பட்டையான கேபிள் வழியாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் டிஸ்க்கோடு மட்டும்தான் பேச முடியும். அதே கட்டளைகளை இணையம் பயன்படுத்தும் அதே டிசிபி நெட்வொர்க்கில் ஏற்றி அனுப்பினால் அதுதான் ஐஸ்கஸி. டிஸ்க் அடுத்த அறையில் இருந்தாலும் அடுத்த கட்டடத்தில் இருந்தாலும், சர்வர் அதைத் தன் சொந்த டிஸ்க்காகவே நினைத்துக்கொள்ளும். இதன் தரநிலை ஆவணம் 2004 ஏப்ரலில் வந்தது. ஆக 2006 என்பது லினக்ஸுக்குள் இது நடை பழகிக்கொண்டிருந்த காலம்.

தோட்டத்து வீட்டு வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ரவுட்டரை சமையலறைச் சுவரிலிருந்து கூடத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். சாப்பிட்டுப் போ என்றார்கள். மனம் நிற்கவில்லை. லேடீஸ் சீட் என்ற மலைமுனைக்கு வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்து, லேப்டாப்பை போனோடு இணைத்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழே சேலம் முழுவதும் பரந்து கிடக்கும். அந்த ஊருக்குள் எங்கேயோ என் ஸ்கேன் சென்டர் சர்வரும் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஓட்டை என்று யாராவது சொன்னால் நேராகப் போய் அந்த வரியையே படித்துவிடலாம்.

படித்தேன். ஒரே ஒரு வரியில் பிழை இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவைத்திருப்பேன். ஆனால் எந்த வரியைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் தப்பென்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் அங்கேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

லினக்ஸில் ஐஸ்கஸிக்கு இரண்டு பாதி. ஒன்று கெர்னலுக்குள், இன்னொன்று வெளியே சாதாரண நிரலாக. வெளியே இருப்பது நெட்லிங்க் என்ற வழியாக உள்ளே இருப்பதற்குச் செய்தி அனுப்பும்: இந்த இணைப்புக்குப் பயனர் பெயர் இது, ஹோஸ்ட் பெயர் இது, இன்டர்ஃபேஸ் பெயர் இது என்று. உள்ளே இருப்பது வந்த எழுத்துச்சரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடம் கேட்டு வாங்கி, அதில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். இதில் தப்பே இல்லை. நூறு பைட் வந்தால் நூறுக்கு இடம், பத்தாயிரம் வந்தால் பத்தாயிரத்துக்கு இடம்.

பிறகொரு நாள் யாராவது அந்தப் பெயரைத் திரும்பப் படிக்க நினைப்பார்கள். அதற்கு சிஸ்எஃப்எஸ் என்று ஒரு ஏற்பாடு. கெர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலும் ஒரு சின்னக் கோப்பு போல வெளியே தெரியும், திறந்தால் படிக்கலாம். திறந்ததும் கெர்னல் ஒரு பஃபரை ஒதுக்கி, அந்தந்தப் பகுதியை நடத்தும் நிரலான டிரைவரின் கையில் கொடுத்து "இதில் எழுது" என்று சொல்லும். அந்த பஃபர் எப்போதும் நினைவகத்தின் ஒரு பக்க (பேஜ்) அளவு. நம் வழக்கமான சர்வர்களில் 4,096 பைட். இதிலும் தப்பு இல்லை. ஒரு கோப்பில் ஒரு மதிப்புதான் என்பது சிஸ்எஃப்எஸ் விதி, அதற்கு 4,096 தாராளம்.

இந்த இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு வருவோம். வாங்கி வைத்த பெயரை அந்த பஃபரில் எழுதும் வேலையை ஸ்பிரிண்ட்எஃப் என்ற பழைய சி செயற்கூறு செய்கிறது. என்ன எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று கேட்கும். எவ்வளவு கொள்ளும் என்று கேட்காது. உள்ளே வரும் பெயருக்கோ, நெட்லிங்க் செய்தி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைத் தவிர வேறு வரம்பு கிடையாது. செய்தியைக் கையாளும் இடத்தைப் பொறுத்து அது 65,536 பைட்டாகவும் இருக்கலாம், அதைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம். ஒருவர் 5,000 எழுத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டு, அதைப் படிக்கும் கோப்பைத் திறந்தால் போதும். 900 பைட்டுக்கு மேல் எல்லை தாண்டிக் கொட்டும்.

எழுதியவர் கவனமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரநிலைப்படி ஐஸ்கஸி பெயர் 223 பைட்டைத் தாண்டக்கூடாது. செய்தி அனுப்புவதோ முழு அதிகாரமுள்ள ரூட் அனுமதியோடு ஓடும் நம்முடைய சொந்த நிரல். 223 எங்கே, 4,096 எங்கே! அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். அந்த நம்பிக்கையில், பெயர் போன்ற தகவலுக்கான ஒரு புலம் இரண்டாகி, இரண்டு பத்தாகி, அதே முறையில் இன்னும் பல புலங்கள் பின்னால் சேர்ந்திருக்கின்றன.

இருட்டத் தொடங்கியதும் இறங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் இருந்தார்.

"என்ன கண்ணு, முகமே சரியில்ல? மலைக்குப் போனவன் மாதிரியா இருக்கற?"

என் அப்பா ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரியில் 27 வருடம் வேலை பார்த்தவர். கணினி பற்றி அவரிடம் பேசினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், அதற்கு மேல் போகாது. அன்று என்னவோ தோன்றி, ஃபேக்டரித் தொட்டியை வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

சேலத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வரிசி செய்ய குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் சீவி, கழுவி, அரைத்து, சலித்து, மாவுப்பாலாக எடுப்பார்கள். அந்தப் பால் வரிசையாகக் கட்டிய தொட்டிகளுக்குப் போகும். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் மாவு அடியில் படியும், மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அடியில் வெள்ளை வெளேரென்று கட்டியாக நிற்பதுதான் சரக்கு. அதை உடைத்து, துணியில் போட்டுக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

நான் சொல்லி முடிக்கவில்லை, அப்பாவே ஆரம்பித்துவிட்டார்.

"இதேதான் எங்க ஃபேக்டரியில நடந்துச்சு. புதுசா ஒரு பையன் ராத்திரி ஷிப்டுக்கு வந்தான். முதல் தொட்டிக்குப் பாலைத் திறந்துவிட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டான். தொட்டி ரொம்பி, சுவரு மேல ஏறி, பக்கத்துத் தொட்டியில ஊத்திருச்சு. அதுல பகல்ல படிஞ்ச மாவு, தண்ணியெல்லாம் வடிச்சு, காலையில வெட்டி எடுக்கறதுக்கு ரெடியா நின்னுட்டிருந்தது. மொத்தமும் வீணாப் போச்சு. பக்கத்துத் தொட்டி என்ன கண்ணு தப்புப் பண்ணுச்சு?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பக்கத்துத் தொட்டிக்கு நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. கெர்னலின் நினைவகத்தில் ஒரே அளவுள்ள இடங்கள் அடுத்தடுத்து இருக்கும். 4,096 பைட்டைத் தாண்டி வழிவது காற்றில் போகாது, பக்கத்தில் இருக்கும் இடத்துக்குள் விழும். அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. பயன்படாத இடமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவருடைய கோப்புத் தகவலாக இருந்தால் கெட்டுப்போகும். அடுத்து எந்தச் செயற்கூறை ஓட்ட வேண்டும் என்று கெர்னல் குறித்து வைத்த முகவரியாக இருந்தால், வழிய விட்டவர் தனக்கு வேண்டிய முகவரியை அங்கே எழுதிவிடலாம். அதற்கப்புறம் அந்த இயந்திரம் அவருடையது. பஃபர் ஓவர்ஃப்ளோ என்றால் நிரம்பி வழிதல் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வழிந்தது எங்கே விழுந்தது என்பதுதான் முக்கியமான பாதி.

"யார் மேல தப்புன்னு முதலாளி கேட்டாருப்பா?" என்றேன்.

"பம்பு நிறுத்தறவரு வந்து நிறுத்துவாருன்னு பையன் நெனச்சிருக்கான். தொட்டிக்கிட்ட நிக்கிறவன் கைகாட்டுவான்னு பம்புக்காரரு நெனச்சிருக்காரு. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைத்தான் பாத்தாங்க. அப்புறம்தான் ஒவ்வொரு தொட்டிக்குள்ளயும் செவப்புப் பெயிண்டுல கோடு போட்டோம். கோட்டைத் தொட்டா மூடணும், யாரையும் கேக்க வேண்டாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "உங்க தொட்டியில கோடு இல்லையா?"

இருக்கிறது, ஆனால் ஆவணத்தில். பஃபர் எப்போதும் ஒரு பக்க அளவுதான் என்று சிஸ்எஃப்எஸ் விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் டிரைவரின் கையில் பஃபரைக் கொடுக்கும்போது கூடவே அளவைச் சொல்வதில்லை. எங்கே எழுதுவது என்பதற்கு ஒரு முகவரி, அவ்வளவுதான். கோடு காகிதத்தில் இருக்கிறது, தொட்டிச் சுவரில் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை. டிரைவர் எழுதி முடித்த பிறகு, எத்தனை பைட் எழுதினாய் என்று கெர்னல் பார்க்கிறது. 4,096 அல்லது அதற்கு மேல் என்றால், தவறான எண்ணிக்கை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, எண்ணிக்கையை 4,095 ஆக்கிக்கொண்டு மேலே போகிறது. அந்த இடத்தில் யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படியாவது சமாளித்துப் போகப் பார்ப்போம் என்கிற பொருளில். பால் வழிந்து பக்கத்துத் தொட்டியைக் கெடுத்த பிறகு வந்து பார்க்கும் காவல்காரர் அவர். இப்படி நடக்கலாம் என்று யாருக்கோ அன்றே தெரிந்திருக்கிறது. பார்க்கும் இடம்தான் தள்ளிப்போய்விட்டது.

அன்று இரவே லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை, எழுப்பி, ஸ்கேன் சென்டரில் ஓடும் அதே சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸ், அதே கெர்னல் பதிப்பு போட்டு, 5,000 எழுத்தில் ஒரு பெயர் வைத்தேன். கோப்பைப் படித்தேன். தவறான எண்ணிக்கை என்ற அந்த வரி பதிவேட்டில் வந்தது. சில விநாடி கழித்து எல்லாம் உறைந்து நின்றது. விசைப்பலகைக்குப் பதிலே இல்லை.

இந்த வகைப் பிழை புதிதல்ல. 1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, ஃபிங்கர் என்ற சேவைக்குள் நுழைந்தது இப்படித்தான்: 512 பைட் பஃபருக்கு 536 பைட் அனுப்பியது. வெறும் 24 பைட் அதிகம். அங்கே அளவு கேட்காமல் எழுதிய கெட்ஸ் என்ற செயற்கூறை சி மொழித் தரத்திலிருந்து 2011-இல் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். அதே குடும்பத்து ஸ்பிரிண்ட்எஃப் இன்னும் இருக்கிறது. 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற ஓட்டையும் ஸ்டோரேஜ் பக்கத்து விஷயம்தான். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஇஎம்யூ மென்பொருளில், ஃபிளாப்பி டிஸ்க் கன்ட்ரோலரைப் போல நடிக்கும் பகுதியில் இருந்தது. அங்கேயும் 512 பைட் பஃபர். 2004-இலிருந்து 11 வருடம். ஃபிளாப்பியே வேண்டாம் என்று நிர்வாகி அணைத்து வைத்திருந்தாலும், கியூஇஎம்யூவிலும் அதே வகையான ஸென்னிலும் வேறொரு பிழை காரணமாக அந்தக் குறியீடு உயிரோடுதான் இருந்தது. 2015-இல் ஃபிளாப்பி பயன்படுத்தியவர் எத்தனை பேர்? யாரும் போகாத அறை என்பதால் யாரும் பூட்டைச் சரிபார்க்கவில்லை.

ஐஸ்கஸியிலும் இந்த அறை விவகாரம் உண்டு. ரூட் அனுமதி இல்லாத சாதாரணப் பயனரும் அந்த நெட்லிங்க் வழியாகக் கெர்னலுக்குச் செய்தி அனுப்ப முடிந்தது. நீ யார் என்று வாசலில் கேட்க ஆளில்லை. அது இரண்டாவது ஓட்டை. மூன்றாவது, கெர்னலுக்குள் இருக்கும் ஒரு முகவரியை அப்படியே எண்ணாக எழுதி, எல்லோரும் படிக்கும் ஒரு கோப்பில் வைத்திருந்தார்கள். கெர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் தன் இருப்பிடத்தை மாற்றி மாற்றி உட்காருவது பாதுகாப்புக்காகத்தான். தாக்குகிறவர் இருட்டில் தடவ வேண்டும். இந்த எண் கையில் விளக்கைக் கொடுத்துவிடுகிறது.

நாம்தான் ஐஸ்கஸி பயன்படுத்துவதில்லையே, நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. இந்தப் பகுதி கெர்னலுக்குள் தானாக ஏற்றப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சென்ட்ஓஎஸ் 8-இல் ஆர்டிஎம்ஏ-கோர் என்ற தொகுப்பு இருந்தால், சாதாரணப் பயனர் ஒருவராலேயே அதை ஏற்ற வைத்துவிட முடிந்தது. அந்தத் தொகுப்பு அதிவேக நெட்வொர்க் அட்டைகளுக்கானது. நான் பார்த்துக்கொள்ளும் எந்த இடத்திலும் அப்படி ஒரு அட்டை கிடையாது. இருந்தும் திரையோடு கூடிய சர்வர் நிறுவலில் அது கூடவே வந்துவிட்டிருந்தது. டெபியன், உபுண்டு என்ற மற்ற லினக்ஸ் வகைகளில் உண்மையிலேயே அந்த அட்டை இருந்தால் மட்டுமே ஏற்றும். ஒரே ஓட்டை, அதே குறியீடு; கதவைத் திறந்து வைத்தார்களா மூடி வைத்தார்களா என்பதில்தான் வித்தியாசம். இன்று நான் எந்த சர்வரைத் தொட்டாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: கேட்காமல் வந்து உட்கார்ந்திருப்பது என்னென்ன?

திங்கட்கிழமை காலை மற்ற சர்வர்களில் வேலை சுலபமாக முடிந்தது. அந்தப் பகுதியை ஏற்றாதே என்று அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி போதும். ஸ்கேன் சென்டரில் அது முடியாது. அங்கே ஐஸ்கஸியை நிறுத்தினால் பழைய படங்களே கிடையாது. தலைமைக் கெர்னலில் திருத்தம் மார்ச் 7-ஆம் தேதியே சேர்ந்துவிட்டது. சென்ட்ஓஎஸ்ஸுக்கு வந்து சேர நாளாகும். அதுவரை யார் உள்ளே வரலாம் என்பதைத்தான் இறுக்க முடியும். உள்ளே இருப்பவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தேன். படங்களைப் பார்க்கும் மென்பொருளை விற்றவர்களின் சப்போர்ட் ஆட்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்குக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்பதால் நானும் அதுவரை கவலைப்படவில்லை. அதிகாரம் இல்லாத கணக்கு ரூட் ஆவதுதான் இந்த ஓட்டையின் வேலையே.

சென்டரை நடத்தும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நம்ம சேலத்துல, நம்ம சென்டர்ல வந்து யாரு இதெல்லாம் பண்ணப் போறாங்க?"

"சார், உங்களைத் தேடி யாரும் வர வேண்டியதில்ல. அந்த பாஸ்வேர்டு யாரோ ஒருத்தர் லேப்டாப்ல இருக்கும். அந்த லேப்டாப்ல வைரஸ் வந்தா போதும். இப்ப வரைக்கும் உள்ள வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு இருந்தோம். இனிமே அப்படிச் சொல்ல முடியாது."

"பேஷன்ட் படமெல்லாம் போயிருமா?"

"போகலாம் சார். இல்லன்னா யாருக்கும் தெரியாம மாறலாம்."

மாறலாம் என்ற சொல்தான் அவரைத் தொட்டது. ஒரு படம் காணாமல் போனால் மறுபடி எடுக்கலாம், மாறிப்போன படத்தை நம்பி ஒருவருக்கு மருந்து கொடுத்தால்? கணக்கை அன்றே பூட்டச் சொன்னார். மென்பொருள்காரர்கள் கோபப்பட்டார்கள், அடுத்த மூன்று வாரம் அவர்களுக்கு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் நான் நேரில் போய்த் திறந்துவிட்டு, முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

காத்திருந்த நாட்களில் திருத்தத்தைப் பலமுறை படித்தேன். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று மனதாரச் சொல்வேன். ஸ்பிரிண்ட்எஃப் இருந்த இடங்களில் சிஸ்எஃப்எஸ்-எமிட் என்ற புதிய செயற்கூறு. 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில் சேர்ந்தது அது. சிஸ்எஃப்எஸ் பஃபர் எவ்வளவு கொள்ளும் என்று அதற்கே தெரியும், ஒரு பைட் கூடத் தாண்டாது. பழைய கெர்னல்களில் அது இல்லை என்பதால் அவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தாலும் வழிவது நின்றிருக்கும். பெயரை வாங்கும் இடத்திலேயே, ஒரு பக்க அளவுக்கு மேல் இருந்தால் செல்லாது என்று திருப்பி அனுப்பும் சோதனையையும் வைத்தார்கள். அதற்கும் முன்னால், நிர்வாக அனுமதி இல்லாதவர் செய்தியே அனுப்பக்கூடாது என்று வாசலில் ஆள் போட்டார்கள். இதில் எந்த ஒன்று அன்று இருந்திருந்தாலும் என் 5,000 எழுத்துப் பெயர் அந்த இயந்திரத்தை உறைய வைத்திருக்காது. ஒன்றை நம்பி மற்றொன்றை விடவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்தது. பையனும் பார்ப்பான், பம்புக்காரரும் பார்ப்பார், சுவரில் கோடும் இருக்கும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது மேட்டூரை இழுத்தார். "120 அடிக்கு மேல போனா 16 கண் மதகு இருக்குல்ல, அது மாதிரியா?" அது மாதிரி இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அணையில் மிகுந்த தண்ணீர் போக ஒரு வழி வெட்டி வைத்திருக்கிறார்கள், அது போய்ச் சேர ஆறும் இருக்கிறது. பஃபரில் மிகுந்தது போக வழியே கிடையாது, அதனால் உள்ளே விடாமல் இருப்பதுதான் ஒரே வழி. சரி என்று கேட்டுக்கொண்டார். மதகு இல்லாமல் அணை கட்டியவன் எவன் என்று அவருக்கு உள்ளூரக் கோபம்தான்.

ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். அது முடிந்து சில நாளில் எங்களுக்கான கெர்னல் வந்துவிட்டது. இரவு 11 மணிக்கு அவசர கேஸ் எதுவும் இல்லை என்று டெக்னீஷியன் சொன்ன பிறகு, வீட்டிலிருந்தே ரீபூட் கொடுத்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதில் இல்லை. போன் செய்தால் திரையில் என்னவோ ஆங்கிலத்தில் நிற்கிறது அண்ணா என்றார். பைக்கை எடுத்தேன். அம்மாபேட்டையிலிருந்து ஐந்து ரோடு போகும்வரை எதிரில் வண்டிகளே அதிகம் இல்லை.

எமர்ஜென்சி மோடில் நின்றிருந்தது. ஐஸ்கஸி டிஸ்க் நெட்வொர்க் வந்த பிறகுதான் கிடைக்கும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும், அது இல்லை. நெட்வொர்க் வருவதற்கு முன்பே சர்வர் அந்த டிஸ்க்கைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிட்டது. அந்த வரியை எழுதியவன் நான். அதை எழுதிய பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்த இயந்திரம் ரீபூட்டே ஆகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. சொல்லைச் சேர்த்து மறுபடி எழுப்பினேன். இந்த முறை ஒழுங்காக வந்தது. டெக்னீஷியன் போன வருடத்து முழங்கால் ஸ்கேன் ஒன்றைத் திறந்தார். திரையில் அடுக்கடுக்காகப் படம் விரிந்தது. "வந்துருச்சுண்ணா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மெய்நிகர் இயந்திரத்தில் புதுக் கெர்னலைப் போட்டு, சாதாரணப் பயனராக அந்தப் பெயரை அனுப்பினேன். அனுமதி இல்லை என்றது. ரூட் ஆக அனுப்பினேன். செல்லாத மதிப்பு என்றது. எழுத்துகளைக் குறைத்து 200-க்குக் கொண்டுவந்து அனுப்பினேன், வாங்கிக்கொண்டது. கோப்பைத் திறந்தால் 200 எழுத்தும் சரியாக இருந்தன. மறுநாள் காலை மென்பொருள்காரர்களுக்குப் போன் செய்து, ஆளுக்கொரு கணக்கு போட்டுத் தருகிறேன், யார் யாருக்கு வேண்டும் என்று பெயர் எழுதி அனுப்புங்கள் என்றேன்.